கானலா, கையா, லென்ஸா? ராமநாதபுரம் கடற்கரையில் புதிய டெலிஃபோட்டோ லென்ஸைச் சோதிக்கும் முறை

தூரத்துப் பறவையைக் கிட்டக் காட்டும், 600 மி.மீ. வரை ஜூம் ஆகும் டெலிஃபோட்டோ லென்ஸ் வாங்கிய மூன்றாம் நாள், மண்டபத்துக்குப் பக்கத்தில் பிள்ளைமடம் சேற்றுவெளியில் பகல் பதினொரு மணிக்கு நின்று நானூறு படங்களுக்கு மேல் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு படத்தில்கூட கண் துலங்கவில்லை. பூநாரைகளின் கால்கள் ஈர நூல் போல நெளிந்திருந்தன. அன்றிரவே கடைக்குப் போன் போட்டு லென்ஸ் பழுது என்று சொல்லிவிட்டேன். அடுத்த நாள் விடிந்ததும் மனசு கேட்காமல் அதே இடத்துக்கு மறுபடி போனேன். அதே லென்ஸ், ஏறக்குறைய அதே தூரம். பூநாரையின் வெளிர்மஞ்சள் கண்ணும் அலகின் கருப்பு நுனியும் தனித்தனியாகத் தெரிந்தன. முந்தைய நாள் படங்களைக் கெடுத்தது, வெயிலில் காய்ந்த சேற்றுக்கு மேல் கொதித்துக்கொண்டிருந்த காற்று. அதைத்தான் கானல் என்கிறேன்.

நம் கடற்கரையில் ஒரு படம் மங்க நான்கு காரணங்கள் உண்டு: கானல், கையாட்டமும் காற்றும், ஃபோகஸ் விலகல், கடைசியாக லென்ஸ். நான்கும் ஒரே நேரத்தில் கலந்துவிட்டால் எதைக் குறை சொல்வது என்று தெரியாது. அதனால் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதிக்கும் வரிசையில் இதை எழுதுகிறேன். கடையில் திருப்பிக் கொடுக்கும் கெடு பெரும்பாலும் சில நாட்கள்தான் இருக்கும். அதை வாங்கும்போதே கேட்டு, முடியும் தேதியைக் குறித்து வையுங்கள்.

முதல் படி: வீட்டுச் சுவர்

பறவையிடம் போவதற்கு முன் சுவரிடம் போக வேண்டும். பில்லில் உள்ள வரிசை எண்ணும் லென்ஸில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். முன் கண்ணாடி, பின் கண்ணாடி இரண்டின் வழியாகவும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு தூசிகளால் ஒரு கெடுதலும் இல்லை. சிலந்தி வலை போலப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. பழைய லென்ஸாக இருந்தால் வாங்காதீர்கள். கேமராவில் மாட்டியதும் லேசாக ஆட்டிப் பாருங்கள். லென்ஸ் கேமராவோடு பூட்டும் மவுண்ட்டில் பல்லாட்டம் போல ஆட்டம் இருக்கக் கூடாது.

பிறகு பூசாத செங்கல் சுவரையோ, நாளிதழ்ப் பக்கங்களை ஒட்டிய சுவரையோ 15 மீட்டர் தள்ளி நின்று எடுங்கள். நேரம் காலை, சுவர் நிழலில் இருக்கட்டும். கேமரா ட்ரைபாடில், சுவருக்கு நேராக. ஆட்டத்தடுப்பை (கை ஆட்டத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசேஷன்) அணைத்துவிடுங்கள். இரண்டு நொடி டைமர் வையுங்கள். 200, 400, 600 மி.மீ. மூன்றிலும், அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துளை) முழுதாகத் திறந்து ஒன்று, அதைச் சுருக்கி எஃப் 8இல் ஒன்று. ஒவ்வொரு முறையும் ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துவிட்டு, மறுபடி பிடிக்க வைத்து, மூன்று படங்கள் எடுங்கள். மூன்றில் சிறந்ததைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரே ஒரு படத்தை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் அது ஃபோகஸின் பிழையாக இருக்கலாம்.

நான்கு மூலைகளையும் பாருங்கள். நான்கும் ஒரே அளவு மென்மையாக இருந்தால் அது அந்த லென்ஸின் இயல்பு. எஃப் 8இல் கொஞ்சம் தேறும். ஒரு பக்கம் மட்டும் குழைந்து, எதிர்ப்பக்கம் கூர்மையாக இருந்தால் உஷாராகுங்கள். கேமராவைத் தலைகீழாகத் திருப்பி வைத்து இன்னொரு முறை எடுங்கள். படத்தில் முன்பு மங்கிய அதே பக்கமே மறுபடியும் மங்கினால், உள்ளே ஒரு கண்ணாடி நடு விலகி இருக்கிறது. மங்கல் எதிர்ப்பக்கத்துக்கு மாறினால், கேமரா சுவருக்கு நேராக நிற்கவில்லை என்று பொருள். லென்ஸைத் திருப்பிக் கொடுக்க நியாயமான காரணம் இந்தக் கண்ணாடி விலகல்தான். அந்தப் படங்களை அழிக்காமல் வையுங்கள். கடைக்காரரிடம் பேச அவைதான் சாட்சி.

இரண்டாம் படி: உங்கள் கை எவ்வளவு தாங்கும்?

இந்த வகை லென்ஸ்கள் கனமானவை. சோனி 200-600, நிக்கான் இசட் 180-600, சிக்மா 150-600 எல்லாமே 2 கிலோவை ஒட்டியவை. கேனான் ஆர்எஃப் 100-500 மட்டும் 1.4 கிலோ அளவில் நிற்கிறது. கடையில் ஐந்து நிமிடம் தூக்கிப் பார்ப்பதும், தனுஷ்கோடி முனையான அரிச்சல்முனைக் காற்றில் ஒரு மணி நேரம் தூக்கி நிற்பதும் ஒன்றல்ல.

இதைச் சோதிக்க நம் ஊரில் ஒரு நல்ல பலகை இருக்கிறது. கரையில் ஏற்றி வைத்த நாட்டுப்படகுகளின் பக்கவாட்டில் பதிவு எண் பெரிதாக எழுதியிருக்கும். நல்ல கருப்பு வெள்ளை, கூரான விளிம்பு. பாம்பனிலோ மண்டபத்திலோ மணலில் நிற்கும் படகைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீரில் மிதக்கும் விசைப்படகு அசையும், சோதனைக்கு ஆகாது. வலை சரிசெய்துகொண்டு யாராவது உட்கார்ந்திருந்தால், “அண்ணே, படகு நம்பரை மட்டும் ஒரு படம் எடுத்துக்கவா?” என்று கேட்டுவிட்டு எடுங்கள். கேட்காமல் பெரிய லென்ஸை நீட்டினால் யாருக்குமே பிடிக்காது.

30 மீட்டரில் நின்று, ஆட்டத்தடுப்பைப் போட்டு, 1/1000, 1/500, 1/250, 1/125, 1/60 நொடி என்று ஒவ்வொரு ஷட்டர் வேகத்திலும் பத்துப் படங்கள். பத்தில் எத்தனை துலக்கமாக வந்தன என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். பத்துக்கு எட்டு வரும் வேகம்தான் உங்கள் எல்லை. என் கைக்கு அது 1/250. காற்று அடித்தால் 1/500. விற்பனைத் தாளில் ஆட்டத்தடுப்பு இத்தனை ஸ்டாப் தாங்கும் (ஒரு ஸ்டாப் என்றால் ஷட்டர் வேகத்தை ஒரு முறை பாதியாக்குவது) என்று போட்டிருப்பது காற்றில்லாத அறையில் அளந்த கணக்கு. வாடைக்காற்று வீசும் டிசம்பர், ஜனவரியில் ஹூட் (முன்னால் மாட்டும் வெயில் மறைப்பு) மாட்டிய நீண்ட லென்ஸ் ஒரு பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். ஆகவே ஒரு முறை காற்றிலும் ஒரு முறை மறைவிலும் எண்ணிப் பாருங்கள்.

ட்ரைபாட் பயன்படுத்தினால் கால்களை மணலில் அழுத்திப் புதைத்து, நடுத்தண்டை உயர்த்தாமல், தோள்பையை அதில் தொங்கவிடுங்கள். காரிலிருந்து எடுப்பவர்களுக்கு நெல்லோ பயறோ நிரப்பித் தைத்த துணிப்பை போதும். மணல் நிரப்பாதீர்கள், தையல் வழியாகக் கசிந்து லென்ஸ் வளையத்துக்குள் போகும்.

மூன்றாம் படி: கானலைத் தெரிந்துகொள்வது

மற்றதையெல்லாம் அவசரமாகச் செய்தாலும் இதை நிதானமாகச் செய்யுங்கள். இந்தக் கடற்கரையில் நல்ல லென்ஸ்கள் கெட்ட பேர் வாங்குவது இதனால்தான்.

தனுஷ்கோடிச் சாலையில் ஏதாவது அசையாத ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் சிதிலச் சுவர் ஒன்று போதும். பழைய தேவாலயத்தின் கல் விளிம்புகள் இதற்கு மிகப் பொருத்தம். 100 மீட்டர் தள்ளி ஒரு இடம், 25 மீட்டரில் ஒரு இடம். ஜனவரியில் அங்கே சூரியன் ஆறரை மணியளவில் எழும். ஏழு மணி, எட்டரை, பத்து, பன்னிரண்டு என நான்கு நேரங்களில் இரண்டு இடங்களிலிருந்தும் பத்துப் பத்துப் படங்கள் தொடர்ச்சியாக எடுங்கள். ஷட்டர் 1/2000, கையாட்டம் இந்தக் கணக்கில் சேரக் கூடாது.

வீட்டில் அடுத்தடுத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஏழு மணிப் படங்கள் பத்தும் ஒன்றுபோல இருக்கும். பத்து மணிப் படங்களில், 100 மீட்டர் வரிசையில், ஒவ்வொரு படத்திலும் கல்லின் விளிம்பு வேறுவேறு மாதிரி நெளிந்திருக்கும். அதே நேரம் 25 மீட்டரில் எடுத்தவை பெரும்பாலும் தப்பித்திருக்கும். படத்துக்குப் படம் மங்கல் மாறுகிறது என்றால் அது காற்றின் வேலை. லென்ஸின் குறை படத்துக்குப் படம் மாறாது.

பூநாரை முன்னால் நிற்கும்போது அதன் காலே உங்களுக்கு அளவுகோல். நேரான, மெல்லிய, நீண்ட கால். கேமராத் திரையில் பெரிதாக்கினால் காலின் இரு விளிம்பும் நேராக இருக்கிறதா, நெளிகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். நெளிந்தால் லென்ஸை மூடி வைத்துவிட்டு, பறவை என்ன செய்கிறது என்று கண்ணால் பாருங்கள். தலையைக் கவிழ்த்து, காலால் சேற்றைக் கிளறி, அலகால் வடிகட்டித் தின்பதைப் பார்ப்பதும் படம் எடுப்பதற்குக் குறைந்ததல்ல.

கானலைக் குறைக்க முதல் வழி விடிகாலையில் போவது, இரண்டாவது பக்கத்தில் இருக்கும் பறவையை எடுப்பது. இரண்டு மடங்கு பெரிய லென்ஸ் வாங்கினாலும் 200 மீட்டர் கொதிக்கும் காற்றைத் தாண்ட முடியாது. மேகமூட்ட நாட்களில் மணல் சூடேறாது என்பதால் பகலிலும் நல்ல படம் கிடைக்கும். தரையில் படுத்து எடுப்பது அழகான கோணம், ஆனால் கானல் தரையை ஒட்டித்தான் கடுமை. எட்டு மணிவரை படுத்து எடுங்கள், அப்புறம் எழுந்து நின்று கொஞ்சம் மேலிருந்து எடுங்கள்.

காரிலிருந்து எடுப்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். இன்ஜின் ஓடினால் அதிர்வு, பானட்டுக்கு மேலாக எடுத்தால் சூடு, ஏசி போட்ட காரின் ஜன்னலைத் திறந்து உடனே எடுத்தால் குளிர்ந்த காற்றும் சூடான காற்றும் ஜன்னலிலேயே கலந்து தனியாக ஒரு கானலை உண்டாக்கும். இன்ஜினையும் ஏசியையும் அணைத்து, ஜன்னல்களை இறக்கி, ஐந்து நிமிடம் கழித்து எடுங்கள். குளிர்ந்த விடியலில் வெதுவெதுப்பான தண்ணீர்ப் பரப்பின் மேலும் லேசான நெளிவு வரலாம். வெயில் இல்லையே என்று குழம்ப வேண்டாம்.

நான்காம் படி: நிற்கும் பறவையும் மணலும்

இப்போது ஃபோகஸ். கோதண்டராமர் கோயில் பக்கத்துத் தண்ணீர்ப் பரப்பிலும், முனைக்காட்டுச் சேற்றுவெளியிலும் அக்டோபர் முதல் மார்ச் வரை உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் திரியும். சின்ன உப்புக்கொத்தி ஒன்று 20 மீட்டரில் நிற்கும்போது, 600 மி.மீ., எஃப் 6.3இல் கூர்மை நிற்கும் ஆழம் சுமார் 40 செ.மீ. மட்டும். 10 மீட்டரில் அது 10 செ.மீ. ஆகச் சுருங்கும். ஆக ஃபோகஸ் கொஞ்சம் முன்பின் போனாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கே போனது என்று சொல்வது மணல். படத்தில் பறவையை விட்டுவிட்டு அதன் காலடி மணலைப் பாருங்கள். மணல் பருக்கைகள் கூர்மையாகத் தெரியும் ஒரு பட்டை குறுக்கே ஓடும். பட்டை பறவையின் காலடியில் ஓடினால் ஃபோகஸ் சரி. எல்லாப் படங்களிலும் அது பறவைக்குப் பின்னாலேயே விழுந்தால் பின்ஃபோகஸ். உள்ளே பிம்பம் காட்டும் கண்ணாடி உள்ள பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் இது அடிக்கடி வரும், மெனுவில் நுண்சரிசெய்தலால் தீரும். அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் அரிது. பட்டை ஒரு படத்தில் முன்னும் ஒரு படத்தில் பின்னுமாக அலைந்தால், பெரும்பாலும் ஃபோகஸ் முறையையோ ஃபோகஸ் புள்ளியின் அளவையோ மாற்ற வேண்டும். எங்குமே கூர்மையான பட்டை இல்லாமல் பருக்கைகள் எல்லாம் ஒரே திசையில் கோடு இழுத்திருந்தால் கையாட்டம். கோடு இல்லாமல் குழம்பிக் கிடந்தால் கானல். இந்த நான்கையும் மனதில் ஏற்றிக்கொண்டால் போதும், களத்திலேயே காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

எவ்வளவு தூரத்தில் நின்றால் பறவை எவ்வளவு பெரிதாக வரும் என்பதற்கும் ஒரு எளிய கணக்கு: லென்ஸின் மி.மீ.யைப் பறவையின் அளவால் பெருக்கி, தூரத்தால் வகுக்க வேண்டும். 1.4 மீட்டர் உயரமுள்ள பூநாரை 50 மீட்டரில் நின்றால், 600 × 1.4 ÷ 50 = 16.8 மி.மீ. முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் படம் பதியும் சென்சாரின் உயரம் 24 மி.மீ. என்பதால் படத்தில் பத்தில் ஏழு பங்கு உயரம் பறவையே நிற்கும். 100 மீட்டரில் அது பாதியாகும். கிட்டப் போகவே தேவையில்லை என்று இந்தக் கணக்கே சொல்கிறது.

கிட்டப் போகவும் கூடாது. தனுஷ்கோடியில் சுமார் 524 ஹெக்டேர் பரப்பு 2025 ஜூன் மாதம் பெரும்பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மேய்ந்துகொண்டிருக்கும் கூட்டம் ஒன்றாகத் தலையைத் தூக்கி, ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால் நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள்; அப்படியே பின்வாங்குங்கள். பறக்கும் படத்துக்காகக் கூட்டத்தைக் கிளப்பிவிடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எத்தனையோ தூரம் கடந்து இரை தேடி வந்த பறவையின் சாப்பாட்டு நேரம் அது. கோடையில் மணற்பரப்பில் நடக்கும்போது காலடியைப் பாருங்கள். உப்புக்கொத்தியும் சிற்றாலாவும் வெறும் மணலிலேயே முட்டையிடும்.

ஐந்தாம் படி: பறப்பவை

பழகுவதற்குச் செம்பருந்தை விட நல்ல ஆசிரியர் கிடையாது. மீன் இறங்குதளங்களைச் சுற்றிக் காலை நேரத்தில் நிதானமாக வட்டமிடும், ஒரே வழியில் திரும்பத் திரும்ப வரும். சிறகு விரித்தால் 1.2 மீட்டர் இருக்கும். 30 மீட்டரில் வரும்போது சட்டத்தின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கை நிரப்பும். அதற்கு அடுத்துக் கடற்காகங்கள். கடைசியாக ஆலாக்கள், காற்றில் நின்று சட்டென்று தலைகுப்புற விழும் ஆலாவை ஃபோகஸ் விடாமல் பிடித்தால் உங்கள் லென்ஸின் ஆட்டோஃபோகஸ் மோட்டாரைப் பற்றி இனிக் கவலை வேண்டாம்.

அமைப்பு: தொடர் ஃபோகஸ், பறவைக் கண் கண்டறிதல், ஷட்டர் 1/2500. லென்ஸில் ஃபோகஸ் எல்லை சுவிட்ச் இருந்தால் தூரத்துக்கு மட்டும் என்று வையுங்கள். பறவையைத் தவறவிட்டால் லென்ஸ் அடிமுதல் நுனிவரை தேடி நேரத்தை வீணாக்காது. ஆட்டத்தடுப்பில் பக்கவாட்டு அசைவுக்கான முறை இருந்தால் அதைப் போடுங்கள். அணைத்துவிட்டும் ஒரு சுற்று எடுத்து ஒப்பிடுங்கள். எலக்ட்ரானிக் ஷட்டரில் சில கேமராக்கள் வேகமான சிறகை வளைத்துக் காட்டும், அது லென்ஸின் தவறு இல்லை.

பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், எதிர்த்துத்தான் இறங்கும். காற்றும் வெயிலும் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்தால் பறவை முகத்தைக் காட்டியபடி உங்களை நோக்கி இறங்கும். காலையில் வெயில் கிழக்கு, காற்றும் கொண்டல் (கிழக்குக் காற்று) என்றால் அதைவிடக் கொடுப்பினை இல்லை. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காலத்துக் காலையில் பறவைகள் முதுகைக் காட்டியே நிற்கும். அன்றைக்கு மாலையில் முயலுங்கள். பரிச்சயமில்லாத கரை என்றால் அங்கிருக்கும் மீனவர்களிடம் இன்றைக்கு என்ன காற்று என்று கேளுங்கள். செல்போன் ஆப்பை விடத் துல்லியமாகச் சொல்வார்கள்.

வெள்ளைச் சிறகு வெளிறி வெந்துபோகாமல் இருக்க, அமைப்பை நாமே வைக்கும் மேனுவலில் எடுப்பது நல்லது. தெளிந்த வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 400, எஃப் 6.3, 1/2500 என்று தொடங்குங்கள். கொக்கு, கடற்காகம் என்றால் 1/3200க்குப் போங்கள். பின்னணி வானமானாலும் கரும்பச்சைத் தண்ணீரானாலும் பறவைமேல் விழும் வெயில் ஒன்றுதானே, அமைப்பை மாற்ற வேண்டியதில்லை.

படகிலிருந்தும் ஒரு சோதனை வேண்டுமென்றால் தொண்டிப் பக்கம் காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குப் போகலாம். வனத்துறை படகுச் சவாரி உண்டு. அங்கே ட்ரைபாட் வேண்டாம், படகின் அதிர்வை அப்படியே லென்ஸுக்குக் கடத்தும். முழங்கையை உடம்போடு ஒட்டி, 1/1600க்குக் குறையாமல் எடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்கு மட்டும் அனுமதியில்லாமல் போக நினைக்காதீர்கள், அது தேசியப் பூங்கா. உச்சிப்புளிக் கடற்படை விமானத்தளத்தின் பக்கமும் லென்ஸைத் திருப்ப வேண்டாம்.

ஆறாம் படி: கண்மாய்

உப்பும் மணலும் இல்லாத இடத்தில் ஒரு நாள் ஒப்பிட்டுப் பார்த்தால் மனது தெளியும். ஊரை ஒட்டியே சக்கரக்கோட்டைக் கண்மாய் இருக்கிறது. தள்ளிப் போனால் தேர்த்தங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம். நான்குமே உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் உள்ளவை. மழை பெய்து கண்மாய் நிரம்பிய வருடங்களில் நாட்டுக் கருவேல மரங்களில் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். கரையிலிருந்தே எடுங்கள், கூட்டுக்கு அடியில் போகாதீர்கள். முள்ளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் பறவையை ஃபோகஸ் பிடிக்கிறதா, முன்னாலுள்ள கிளையைப் பிடித்துக்கொள்கிறதா என்பது கடற்கரையில் சோதிக்க முடியாத ஒன்று. எதிர்வெயிலில் கிளைகளின் விளிம்பில் ஊதா நிறக் கோடு வருகிறதா என்றும் இங்கே பார்க்கலாம்.

கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டிப் படத்தை இன்னும் பெரிதாக்கும் 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் இருந்தால் அதையும் இங்கேயே மாட்டிப் பாருங்கள். 600 எஃப் 6.3, 840 எஃப் 9 ஆகும். விடிகாலை வெளிச்சத்தில் ஃபோகஸ் திணறும். எனக்கு அது தேவைப்படவில்லை.

திரும்பி வந்ததும்

கடலோரத்தில் லென்ஸைக் கழற்றி மாட்டவே கூடாது. ஜூம் செய்யும்போது குழாய் நீளும் லென்ஸ்கள் ஒவ்வொரு முறையும் காற்றை உள்ளிழுக்கும். உப்பும் தூசியும் அதோடு போகும். சோனி 200-600, நிக்கான் 180-600 உள்ளுக்குள்ளேயே ஜூம் ஆவதால் இந்த விஷயத்தில் எனக்கு அவற்றின் மேல் நம்பிக்கை அதிகம். நீளும் வகை வைத்திருப்பவர்கள் நீட்டிய குழாயைத் துடைக்காமல் சுருக்காதீர்கள்.

கண்ணாடியில் உப்புத் துளி காய்ந்திருந்தால் துணியால் தேய்க்காதீர்கள், உப்புப் பருக்கை பூச்சைக் கீறிவிடும். முதலில் புளோயரால் ஊதி, பிரஷ்ஷால் தட்டி, லென்ஸ் திரவம் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள். உடல் பகுதியை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அன்று மாலையே துடையுங்கள். ட்ரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள்.

ராமேஸ்வரத்தில் ஏசி அறையில் தங்கினால் காலையில் லென்ஸை அப்படியே வெளியே எடுக்காதீர்கள். ஈரக்காற்று பட்டதும் கண்ணாடி முழுக்க வியர்த்துவிடும், விடியல் வெளிச்சம் போகும்வரை காயாது. புறப்படுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே மூடிய பையோடு ஏசி இல்லாத இடத்தில் வையுங்கள். வீட்டில் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பா போதும்.

துடைத்து முடித்ததும் அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜூம் வளையத்தையும் ஃபோகஸ் வளையத்தையும் காதருகே வைத்து மெதுவாகத் திருப்புங்கள். நறநறவென்று கேட்டால் மணல் புகுந்திருக்கிறது. மேலும் திருப்பாமல் சர்வீஸுக்குக் கொடுங்கள். சத்தமில்லை, சுவர்ப் படத்தின் மூலைகளும் சரி என்றால் பெட்டியையும் பில்லையும் பத்திரப்படுத்திவிட்டு, பேட்டரியைச் சார்ஜில் போட்டு, அலாரத்தை நாலரைக்கு வையுங்கள்.